இதர செலவு

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள்,
பதினொன்றரை இருக்கும்,
அச்சுக்குள் பச்சை ஊற்றிக்கொண்டிருந்த சேவுகன்
அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.
கண்ணாடி உடையவில்லை.
மூன்று இதழில் பச்சை விழுந்திருந்தது.
நான்காவது வெறும் கண்ணாடி.

ஆத்தங்குடிக் கல் பட்டறையில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
சிமெண்ட் இத்தனை மூட்டை,
மணல் இத்தனை சட்டி,
யார் எத்தனை கல்.
மனுஷன் மயங்கியதை எழுத
நோட்டில் கட்டம் இல்லை.
அரை நாள் என்று எழுதி
அடித்துவிட்டேன்.

பின்னால் தொட்டி.
நேற்றுப் போட்ட கல்லெல்லாம்
அதில் மூழ்கிக் கிடக்கிறது.
ஊறினால்தான் கல்லுக்குப் பலம்.
கல் ஊறுகிறது,
போட்டவன் காய்கிறான்.

சாயங்காலம் காரைக்குடியில் இறங்கி
நாட்டு மருந்துக் கடையில்
கால் கிலோ சப்ஜா கேட்டேன்.
டப்பாவில் திருநீற்றுப்பச்சிலை விதை என்றிருந்தது.
எள்ளின் கடைசித் தம்பி போல
ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளும் கறுப்பு.
"கல்யாண வீடா?" என்றார் கடைக்காரர்.
"பதினாலு பேர்."
அஞ்சு கரண்டி போதுமே என்று சொல்லியிருப்பார்.
பஸ் ஹாரனில் எனக்குக் கேட்டது
விலை மட்டும்தான்.

ராத்திரி மொத்தத்தையும் வாளியில் கொட்டி
விளிம்புவரை தண்ணீர் விட்டுத்
தூங்கிப்போனேன்.
விடிந்து பார்த்தால்
தண்ணீரைக் காணோம்.
வாளி முழுக்கக் கண்.
வெள்ளை விழி, நடுவில் கறுப்பு மணி,
ஒன்றுகூட இமைக்கவில்லை.
யாரடி உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது
என்று பார்க்கிறது.

ஏழு நாற்பது டவுன் பஸ்ஸில்
மடியில் ஏந்திப்போனேன்.
"ஏக்கா, தவளை முட்டையா?"
என்ற கண்டக்டர்
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
அதையும் குறித்துக்கொண்டேன்.
வேகத்தடையில் பஸ் குதித்ததும்
ஒரு பிடி கண்
என் சேலையில் இறங்கி
முழங்கால் வரை குளிர்ந்தது.
யாருக்கும் சொல்லவில்லை.

நன்னாரி நாலு பாட்டில்,
எலுமிச்சை முப்பது,
தட்டிப் பிழிந்த இஞ்சி,
உப்பு ஒரு சிட்டிகை.
ஐஸ் கிடையாது, பானைத் தண்ணீர்.
சர்க்கரைக்காரர் சேவுகனுக்கு மட்டும் தனியாக
நீர்மோர், கறிவேப்பிலை,
மேலே இரண்டு கரண்டி கண்.

மணல் சலிக்கிற பொன்னழகி
மென்று பார்த்தாள்.
"ருசியே இல்லையே."
அப்புறம் விழுங்கிப் பார்த்தாள்.
"நம்மைக் கேட்காமலே போகுது!"
முர்ஷிதாபாத் ஹபிபுல்
வாளிக்குள் எட்டிப் பார்த்துத்
"தோக்மா!" என்று கத்தினான்.
ஆறு மாதத்தில் அவன் குரல்
மெஷினைத் தாண்டிக் கேட்டது
அன்றைக்குத்தான்.

குடித்தார்கள். வாளி குறையவில்லை.
லோடு ஏற்ற வந்த டிரைவர் குடித்தார்.
பக்கத்துப் பட்டறை
சொம்போடு வந்தது.
அரண்மனை பார்த்துவிட்டுக்
கல் விலை கேட்க வந்த பெங்களூர்க் குடும்பம்
விலை கேட்காமல்
இரண்டாவது டம்ளர் கேட்டது.
நாலு மணிக்கும்
அடி வாளியில் கண்.

சேவுகன் நின்றபடியே குடித்தார்.
மீசையில் தொங்கிய ஒற்றை விதை
ஈரக் கண்ணாடியில் விழுந்ததை
நான் பார்த்தேன்.
அவர் பார்க்கவில்லை.
மேலே பச்சை ஊற்றினார்.

தொட்டியில் ஊறி வெளியே வந்து
கண்ணாடி உரிந்த நாளில்
நான்காம் இதழின் ஓரத்தில்
எறும்புத் தலையளவு கறுப்பு.
விரல் வைத்தால்தான் தெரியும்.
செகண்ட்ஸில் தள்ள வேண்டிய கல்.
நல்ல கல் என்று எழுதினேன்.
ஹைதராபாத்துக்குப் போனது.
அங்கே யாரோ வெறுங்காலோடு
அதன்மேல் நடப்பார்கள்,
பூ கீழிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

விதை, நன்னாரி, எலுமிச்சை, லக்கேஜ்
எல்லாம் சேர்த்து
'இதர செலவு' என்று போட்டுவைத்தேன்.
முதலாளி பக்கத்தைப் புரட்டினார்,
அந்த வரியில் விரல் நின்றது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
"உப்பா, இனிப்பா?" என்றார்.

அவருக்கும் சர்க்கரை என்பது
அன்றுதான் தெரியும் எனக்கு.

நாளைக்கு அஞ்சு கரண்டி.
கால் மணி நேரம் ஊறினால் போதும்.